மூன்று ஓலையும் ஒரு மரக்காலும்

(வேளாங்கண்ணி ஒன்றுகூடலில் வழக்கறிஞரான பழைய மாணவர் ஒருவர் பேசியது)



கோயிலில் கல்யாணம் என்றால் முன்கூட்டியே மூன்று ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். "தெரிஞ்ச பிள்ளைதானே, இதெல்லாம் எதுக்கு?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எதற்கு என்று பழைய வழக்கு ஒன்றைக் கொண்டு சொல்கிறேன்.

பிரான்சின் தெற்கே அர்த்திகா என்ற கிராமம். அப்பா வீட்டுத் தானியத்தைத் திருடினான் என்ற பேச்சு எழவே, 1548-ல் மார்ட்டின் கேர் மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடிப்போனான். 1556-ல் ஒருவன் வந்து, "நான்தான் மார்ட்டின்" என்றான். பழைய சங்கதியெல்லாம் பிசகாமல் சொன்னான். சகோதரிகள் நம்பினார்கள்; மனைவி பெர்ட்ராண்டும் ஏற்றுக்கொண்டாள். மூன்று வருஷம் குடித்தனம் நடந்தது. அவன் சொத்துக் கணக்குக் கேட்ட பிறகுதான் சிற்றப்பன் கச்சை கட்டினார்.

1560-ல் கிரிமினல் வழக்கு. சுமார் 150 சாட்சிகள், ஊரே இரண்டுபட்டது. "மார்ட்டின் கால் அளவு 12, இவனுக்கு 9" என்றார் செருப்புத் தைப்பவர். கீழ்க்கோர்ட்டில் தண்டனை. துலூஸ் நகரில் அப்பீல். விடுதலையாகிவிடுவான் என்ற கட்டத்தில், மரக்காலோடு ஒருவர் நுழைந்தார். நம்மூர் நெல் அளக்கிற மரக்கால் இல்லை, போரில் போன காலுக்குப் பதில் கட்டைக்கால். அவர்தான் நிஜ மார்ட்டின்! ஆள்மாறாட்டம் செய்த ஆர்னோ, செப்டம்பர் 16 அன்று அந்த வீட்டு வாசலிலேயே தூக்கிலிடப்பட்டான்.

பன்னிரண்டு வருஷம் திரும்பிப் பார்க்காத அந்த மனுஷர், வந்ததும் மனைவியைத்தான் கடிந்துகொண்டார்: மற்றவர்கள் ஏமாறலாம், நீ ஏமாறலாமா?

நம் தேசத்து பவால் சந்நியாசி வழக்கு இதற்கு நேர் எதிர். அது சிவில் வழக்கு. 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஜமீன் குமாரர் தானே என்று 1921-ல் ஒரு சந்நியாசி சொன்னார். மனைவி விபாவதி தேவி கடைசிவரை மறுத்தார். டாக்காவில் 1936, கல்கத்தாவில் 1940, லண்டன் பிரிவி கவுன்சிலில் 1946. மூன்றிலும் சந்நியாசிக்கே ஜெயம்.

ஒருத்தி ஏற்றாள், ஒருத்தி மறுத்தாள். இரண்டு தீர்ப்புமே அவர்கள் சொல்லுக்கு மாறாகத்தான் முடிந்தன. பழி மட்டும் பெண் தலையில்.

ரகசியத் திருமணங்களைத் தடுக்க, 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் மூன்று முறை அறிவிப்பும், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிலையில் இருப்பதும் வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். பிற்பாடு கோர்ட்டில் கேட்கிற கேள்வியை முன்னாலேயே ஊரறியக் கேட்பதுதான் ஓலை.

ஆகவே நண்பர்களே, நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தால் கூச்சப்படாமல் விசாரியுங்கள். அது சம்பந்தியை அவமதிப்பதாகாது. நம் பெண்ணுக்கு நாம் செய்கிற முதல் சீர் அதுதான்.