பஞ்சுமிட்டாயும் பளிங்கு மருந்தும்



மருந்தைப் பற்றிப் பேச வந்த நாம் பஞ்சுமிட்டாயில் தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். தேர்த் திருவிழாவிலே வாங்கித் தின்னாதவர் இச்சபையில் இரார். ஒரு கரண்டிச் சீனி உருகி, நூலாகி, நாவில் பட்ட கணமே மறைந்துவிடுகிறது. அதே அளவு கற்கண்டோ வாயில் நெடுநேரம் கிடக்கிறது. இரண்டும் சீனிதான், உள்ளமைப்புத்தான் வேறு. ஆனால் நுவரெலியா மூடுபனியில் அந்தப் பஞ்சைச் சற்று நேரம் கையில் பிடித்து நின்று பாருங்கள். சுருங்கிப் பிசுபிசுத்துப் போகும்.

இந்த வேற்றுமை மருந்தில் நேர்ந்தால் என்னாகும்? கொழுக்கிப் புழுவை எடுத்துக்கொள்வோம். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலைக் கவ்வி, இரத்தம் உறிஞ்சும் புழு அது. 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் ஸ்தாபனத்தார் அதனை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினர். மெபெண்டசோல் குளிசை 1970களில் வழக்கிற்கு வந்தது. இலங்கைத் தோட்டப்புறத்துக் கருவுற்ற தாய்மாரிடம் செய்து 1994 இல் வெளியான ஓர் ஆய்வு, இரும்புச்சத்தோடு புழு மருந்தும் கொடுத்தால் இரத்தச்சோகை இன்னும் நன்றாகத் தீர்கிறது என்று காட்டிற்று. கொழுந்துக் கூடையோடு மலையேறும் எமது தாய்மாருக்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும் மெபெண்டசோல் நீரில் மிக அரிதாகவே கரையும். அதற்கு ஏ, பி, சி என மூன்று பளிங்கு வடிவங்கள் உண்டு. மருந்துக்கு உகந்தது சி; மிகக் குறைவாகக் கரைவது ஏ. தாய்லாந்து மருத்துவர்கள் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், கொழுக்கிப் புழுவுக்கு எதிராக ஏ வடிவக் குளிசை மருந்தே இல்லாத வெறுங்குளிசையிலும் மேம்பட்டதாய் இருக்கவில்லை. சூடேற்றினால் சி வடிவம் ஏ ஆக மாறுவதும் உண்டு. பெயர் அதுவே, நிறை அதுவே. விழுங்கிய தாய்க்கு மட்டும் பயனில்லை!

கரைய மறுக்கும் மருந்துகளைப் பஞ்சுமிட்டாய் ஆக்கிவிட்டால் என்ன என்பதே விஞ்ஞானிகளின் எண்ணம். மருந்தையும் ஒரு பல்பகுதியத்தையும் எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து, ஊசிக்குழாய் வழியே மெல்லத் தள்ளுவார்கள். ஊசிமுனைக்குப் பல ஆயிரம் வோல்ற் மின்னழுத்தம் கொடுத்தால் துளி கூம்பாகி, கூம்பின் நுனியிலிருந்து மெல்லிய தாரை பாயும். வழியிலேயே கரைப்பான் ஆவியாக, எதிரேயுள்ள உலோகத் தகட்டில் நார் படியும். அதன் விட்டம் பெரும்பாலும் சில நூறு நனோமீற்றர். தலைமயிர் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடித்தது. இவ்வாறு மின்விசையால் நூற்கும் முறைக்கு அன்ரன் போர்மால்ஸ் 1934 இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பூஞ்சண நோய்க்கான இற்றாகொனசோலை இவ்வகை நாரில் அடக்கியபோது அது பளிங்காகவில்லை என 2003 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பளிங்கில் அணிவகுத்து இறுகிய மூலக்கூறுகள், நாரிலே பல்பகுதியத்தின் இடையே சிதறி நிற்கின்றன. நீர் தொடும் பரப்போ மிகப் பெரிது. எனவே விரைந்து கரையும்.

கொழுக்கிப் புழுவுக்கு நார் மருந்து கடைக்கு வந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. குடலிலேயே வேலை செய்யவேண்டிய மருந்து அளவுக்கு மீறிக் கரைந்து இரத்தத்தில் கலப்பதும் எப்போதும் நன்மையன்று.

மேலும், அந்த மூடுபனி இருக்கிறதே! சிதறி நிற்கும் மூலக்கூறுகள் மீண்டும் அணிசேரவே முயல்கின்றன. பல்பகுதியம் அவற்றை நகரவிடாது பிடித்து வைக்கிறது. ஆனால் ஈரம் உட்புகுந்தால் அந்தப் பிடி தளரும். பளிங்கு திரும்பவும் வளரும். பொலிவைனைல்பிறோலிடோன் என்னும் பல்பகுதியம் மருந்தை விரைவாகக் கரைய வைப்பதில் கெட்டிக்காரன். ஈரத்தை இழுப்பதிலும் அவனே கெட்டிக்காரன். ஆகவே உலர்ந்த ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் நிலைத்த நார், மஸ்கெலியா மழையில் நிலைக்குமா என்று தனியே சோதித்தாக வேண்டும். 30 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதன் என்ற நிலையில் வைத்துப் பார்ப்பது வெப்பமான ஈர நாடுகளுக்கென வகுத்த ஒரு சோதனை.

தேயிலைக்கு இந்தப் பாடம் புதிதன்று. தொழிற்சாலையில் ஈரத்தை ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு இறக்கி, காற்றுப் புகாமல் கட்டி அனுப்புகிறோம். எமது லயத்து வீடுகளிலோ குளிசையைக் கடதாசி உறையில் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே தட்டில் செருகி வைக்கிறோம். சூடும் ஆவியும் அங்கேதான் அதிகம். ஈயத்தாள் அட்டையில் வருவதையும் முன்கூட்டியே பிரித்துக் கொட்டி வைப்பவர் உண்டு. இன்றிரவு வீடு திரும்பியதும் அந்த உறையை அங்கிருந்து எடுத்து, இறுக மூடும் பேணியொன்றில் இட்டு, அடுப்புக்கு எட்டாத உலர்ந்த மூலையில் வையுங்கள்.