துளசிச் செடியைச் சுற்றுவது குளவிதானா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பூங்காவில் குளவி பெருகிவிட்டது, மருந்து அடிக்க வேண்டும் என்று கோரிக்கை வந்திருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், பயம் நியாயம்தான். ஆனால் அங்கே பறப்பவற்றில் பல குளவியே இல்லை. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஈ. வேளாண்மைத் துறையினர் இதைச் சிர்பிட் ஈ என்பார்கள். இதற்குக் கொடுக்கு கிடையாது, கொட்டவும் கொட்டாது. குளவியிடம் ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கும் அல்லவா? அந்தப் பயத்தில் இது பிழைக்கிறது. ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை வைத்து 1862-லேயே இந்த வேஷத்தை விளக்கிவிட்டார்.

வங்கியில் காசோலைக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே காலம் கழித்தவன் நான். ஒரு சுழி ஒத்துப்போனால் பணம் கொடுத்துவிட மாட்டோம். மூன்று நான்கு இடம் ஒத்துப்போக வேண்டும். இங்கும் அப்படித்தான். ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கும் குளவிக்கும் நான்கு. ஆனால் அவற்றின் முன் இறக்கையும் பின் இறக்கையும் கொக்கி போட்டு இணைந்திருப்பதால் இரண்டு போலவே தெரியும். ஆகவே செல்போனில் படம் எடுத்து, பெரிதாக்கித் தலையைப் பாருங்கள். உணர்கொம்பு இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டையாகவும், தலை முழுக்கக் கண்ணாகவும் இருந்தால் அது ஈ. உணர்கொம்பு நீளமாக, இடுப்பு நூலாக இருந்தால் குளவி, தள்ளி நில்லுங்கள்.

அந்தரத்தில் அசையாமல் நிற்பதை மட்டும் நம்ப வேண்டாம். துளசிப் பூவுக்கு முன்னால் அப்படி நிற்கும் நீலப்பட்டைத் தேனீயும் நம் ஊரில் உண்டு. அது நல்ல தேனீதான், ஆனால் கையில் பிடித்தால் கொட்டும்.

நம் பக்கத்துச் சமவெளியில் சாதாரணமாகக் காணக்கூடிய சிர்பிட் ஈ இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். மார்பின் இரு ஓரத்திலும் தெளிவான மஞ்சள் கோடு. வயிற்றில் முதலில் இரண்டு தனித்தனி மஞ்சள் பொட்டு, அதற்குப் பிறகு பட்டைகள். இன்னொன்று எரிஸ்டாலினஸ். பார்த்தால் தேனீ போலவே இருக்கும், கண்ணில் மட்டும் புள்ளியோ வரியோ ஓடும். இவ்வளவு அழகான கண் உள்ளதன் புழு வளர்வது சாக்கடையில்! வால் போல நீண்ட குழாயால் மூச்சு விடும் அந்தப் புழுவைக் கண்டால் பயம் வேண்டாம், ஆனால் அங்கே கழிவுநீர் தேங்குகிறது என்று அர்த்தம். உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

ஈ என்றாலே நண்பன் என்றும் நினைக்க வேண்டாம். கொய்யாவில் முட்டையிடும் பழ ஈயும் மஞ்சளும் பழுப்புமாகக் குளவிச் சாயலில்தான் இருக்கும். அது அந்தரத்தில் நிற்காது; இறக்கையை விரித்துக்கொண்டு பழத்தின் மேல் நடக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். அவரைக்கொடி, தட்டைப்பயறு, எருக்கு, அரளி இவற்றின் கொழுந்தில் அசுவினி கூட்டமாக அப்பியிருக்குமே, அதன் நடுவில் கால் இல்லாத, அட்டை போன்ற ஒரு சிறு புழுவைப் பார்த்திருப்பீர்கள். 'இலையைத் தின்கிறது' என்று நசுக்கிவிடுகிறோம். அது இலையைத் தொடுவதே இல்லை. அதுதான் இஸ்கியோடானின் குழந்தை. வளர்ந்து கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். மருந்து அடித்தால் அசுவினியோடு இதுவும் சாகும். அசுவினி சில நாளில் திரும்ப வந்து பெருகும். இது அவ்வளவு சீக்கிரம் வராது. பிறகு மறுபடி மருந்து, மறுபடி சந்தா!

உண்மையான குளவிக்கூடு ஏணிப்படியிலோ ஜன்னலிலோ இருந்தால் அதை அகற்ற ஆள் கூப்பிடுவோம். அதில் எனக்கு மறுப்பில்லை. பூங்கா முழுக்கத் தெளிப்பதற்குத்தான் மறுப்பு. சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்றைப் பாட்டிலில் பிடித்து, ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கேட்கலாம், நானே போகிறேன். அதுவரை அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். அந்த அட்டைப் புழு தெரியும் கொழுந்தை மட்டும் விட்டுவிடுங்கள். மொட்டை மாடி அவரைப் பந்தலில் இப்போதும் நாலைந்து இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன், லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன்.