பொத்தான் தாளமும் கைத்தாளமும்

பிள்ளைக்கு இசை கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன், நம்மில் பலர் முதலில் வாங்குவது ஒரு கீபோர்டு. வீணையைப் போல் அது இடத்தை அடைப்பதில்லை. வயலினைப் போல் தொடக்க மாதங்களில் வீட்டாரின் காதைச் சோதிப்பதுமில்லை. வாங்கிய அன்றே ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்மும் பாஸ் கித்தாரும் சேர்ந்து முழங்குகின்றன. பெற்றோருக்குப் பூரிப்பு, இசை ஆசிரியருக்கோ கவலை. இந்தத் தானியங்கிப் பக்கவாத்தியம் இசைப் பயிற்சிக்குத் துணையா, தடையா என்பதையே இன்று சிந்திக்கப் போகிறோம்.

பொத்தானை அழுத்தினால் தாளம் கேட்கும் கருவி நேற்று வந்ததன்று. 1959ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைட்மேன்' என்னும் தாளப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980இல் ஜப்பானின் காசியோ நிறுவனம் காசியோடோன் கீபோர்டுகளை வெளியிடத் தொடங்கியது. அதன் பிறகு இத்தகைய கருவிகள் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தன.

இக்கருவி எப்படி வேலை செய்கிறது? இடது கைப் பக்கத்துக் கட்டைகளைக் கருவி தனியே கவனிக்கிறது. அங்கே ஒரு கட்டையை மட்டும் தொட்டால், அதனோடு இசையும் வேறு இரு சுரங்களைத் தானே சேர்த்துக்கொள்கிறது. ஷட்ஜத்தைத் தொட்டால் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் கூட வந்து நிற்கும். இதை மேனாட்டார் 'மேஜர்' சுரக்கூட்டு என்பார்கள். அந்தக் கூட்டை வைத்து, முன்பே பதிந்துள்ள தாள அமைப்பைக் கருவி வாசித்துக்கொண்டே போகும்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முதல் செய்தி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடமாக அமைவது மாயாமாளவகௌளை இராகம். இதன் ரிஷபம் சுத்த ரிஷபம். பிள்ளை சரளி வரிசையை வலது கையால் வாசித்துக்கொண்டே, இடது கையில் பஞ்சமக் கட்டையை ஒரு விரலால் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி என்ன செய்யும்? பஞ்சமத்தோடு காகலி நிஷாதத்தையும் சதுச்ருதி ரிஷபத்தையும் சேர்த்து ஒலிக்கும். அந்தச் சதுச்ருதி ரிஷபம் இந்த இராகத்திற்கே உரியதன்று! இதே செயலைச் சங்கராபரணத்தில் செய்தால் தவறில்லை. அங்கே அந்த ரிஷபம் இயல்பாகவே உண்டு. ஒன்றில் பொருந்துவது மற்றொன்றில் பொருந்தாது என்பதைக் கருவி அறியாது. காதுதான் அறிய வேண்டும். அந்தக் காது உருவாகும் பருவத்திலேயே அயல் சுரத்தைத் தினமும் கேட்டுப் பழகினால், பின்னாளில் அதைத் திருத்துவது எளிதாகுமா?

இரண்டாவது செய்தி தாளம். கீபோர்டுகளில் உள்ள தாள அமைப்புகளில் பெரும்பாலானவை நான்கு அல்லது மூன்று எண்ணிக்கை கொண்டவை. ஆதி தாளத்துப் பாட்டு நான்கில் அடங்கிவிடும். மிச்ர சாபு ஏழு எண்ணிக்கை உடையது. நான்கெண்ணும் கருவியோடு ஏழெண்ணும் பாட்டைச் சேர்த்தால், இரண்டின் தொடக்கமும் இருபத்தெட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் சந்திக்கும். இடையில் எல்லாம் இழுபறிதான். அதற்காகப் பாட்டை நான்கிற்கு வெட்டித் தைப்பவர்களும் உண்டு. கருவிக்காகப் பாட்டை மாற்றுவது, செருப்புக்காகக் காலை வெட்டுவது போலாகும்.

மூன்றாவது, செவிகொடுத்தல். மிருதங்கக் கலைஞர் பாடகரின் மூச்சைக் கேட்டு வாசிக்கிறார். பாடகர் ஒரு சொல்லில் நின்று குழைந்தால் அவர் அடக்கி வாசிப்பார். விருத்தம் பாடும்போது கையைக் கட்டிக் காத்திருப்பார். கருவிக்கு இந்தப் பண்பு இல்லை. கோயில் பஜனைகளிலும் திருமண மண்டபங்களிலும் ஒரு கீபோர்டு வந்ததும் தபேலாக்காரரை விட்டுவிடும் குழுக்களை நாம் பார்த்திருக்கிறோம். செலவு குறைகிறது, உண்மைதான். ஆனால் தபேலாக்காரரின் அருகில் அமர்ந்து தட்டிப் பழக வேண்டிய அடுத்த தலைமுறைச் சிறுவனுக்கும் அங்கே இடம் இல்லாமல் போகிறது. நாம் இழப்பது ஒரு வாத்தியத்தின் ஒலியை மட்டுமன்று. அதைக் கற்கும் இடத்தையும்தான்.

அப்படியானால் இக்கருவியை ஒதுக்கிவிட வேண்டுமா? அவ்வாறு சொல்வதும் நியாயமாகாது. ஆர்மோனியத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். கமகத்திற்கு இடந்தராத கருவி என்று கூறி, அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் நாடக மேடையும் பஜனை மடமும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. அதன் குறையை அறிந்து வாசித்தவர்கள் அதைக் கொண்டே நல்லிசை தந்தார்கள்.

கீபோர்டுக்கும் அப்படி ஒரு சான்று உண்டு. காசியோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'எம்டி 40' என்ற சிறிய கருவிக்குள், 'ராக்' என்னும் பெயரில் ஒரு தாள அமைப்பு இருந்தது. அதை ஆக்கியவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண்மணி. முறையாக இசை பயின்றவர். 1985இல் ஜமைக்காவில் வேன் ஸ்மித், நோயல் டேவி என்ற இரு கலைஞர்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொள்ள, கிங் ஜாமி என்ற ஒலிப்பதிவாளர் அதன் வேகத்தைக் குறைத்து, மேலும் சில ஒலிகளைச் சேர்த்தார். அவ்வாறு பிறந்த பாடல் அந்நாட்டு இசையின் போக்கையே மாற்றியது. அதே பொத்தானை உலகெங்கும் எத்தனையோ பேர் அழுத்தியிருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்காத பயன் இவர்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், எந்த வேகத்தில் அது உயிர்பெறும் என்று கேட்டறியும் காது இவர்களிடம் இருந்ததே.

ஆகவே பெற்றோரும் மாணவரும் செய்யத்தக்க சில வழிகளைச் சொல்கிறோம். முதலாவது, எந்தப் பாடத்தையும் கையால் தாளம் போட்டு வாயால் பாடிய பிறகே கட்டையில் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, முதல் ஓராண்டு தானியங்கிப் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது. மூன்றாவது, அதன்பின் பயன்படுத்தும்போது ஒரு விரலால் அன்றி, சுரக்கூட்டின் மூன்று சுரங்களையும் மாணவரே இடது கையால் பிடிக்கட்டும். அப்போது எந்தச் சுரம் இராகத்திற்கு அயலானது என்பது அவருக்கே புலப்படும்.

நான்காவது ஒரு சிறு சோதனை. பெரும்பாலான கீபோர்டுகளில் பக்கவாத்தியத்தின் ஒலி அளவை மட்டும் தனியே குறைக்க முடியும். பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதை முற்றிலும் அடக்கிவிடுங்கள். நான்கு ஆவர்த்தனம் கழித்து மீண்டும் உயர்த்துங்கள். உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த கருவியும் பிள்ளையும் ஒரே இடத்தில் நின்றால், தாளம் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள். விலகி நின்றால் வருந்த வேண்டாம்; எந்த இடத்தில் பயிற்சி தேவை என்பது தெரிந்துவிட்டது. தடை என்று நாம் எண்ணிய கருவியே இங்கே நல்ல தேர்வாளராகிவிடுகிறது அல்லவா?

ஐந்தாவது, வாரம் ஒருமுறையேனும் ஒரு மிருதங்கக்காரரோடோ, பாடத் தெரிந்த அக்காவோடோ சேர்ந்து வாசிக்க வாய்ப்பளியுங்கள். மனிதர் ஒருவர் சற்றே நிற்கும்போது தானும் நிற்கக் கற்பதை எந்தப் பொத்தானும் சொல்லித்தராது.

இந்த ஒழுங்கு இருந்தால் கீபோர்டு நல்ல துணை. இல்லாவிட்டால் அது பிள்ளைக்குப் பதிலாகத் தானே வாசித்துவிடும். அடுத்த முறை உறவினர் முன்னிலையில் பிள்ளை வாசிக்கும்போது, ஒரு பாட்டையாவது பக்கவாத்தியம் இல்லாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு பாட்டுக்குக் கைதட்ட மறவாதீர்கள்.