எந்த மேட்ச்சை விடலாம்?

1997-ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச ஹாட்ரிக் கேம்ல டீம் ஸ்பிரிட் ஏறினா மிட்ஃபீல்டு வலுவாகும். ‘மேட்ச் ஆஃப் த சீசன்’ போட்டா அந்த ஒரு மேட்ச்சுக்கு மிட்ஃபீல்டு எகிறும்; ஆனா முடிஞ்சதும் ஸ்பிரிட் கிட்டத்தட்ட பாதியாயிடும். ‘ப்ளே இட் கூல்’ நேர் எதிர்: இன்னைக்கு அடக்கி ஆடி, ஸ்பிரிட்டை ஏத்திக்கலாம். அப்போ வாராவாரம் ஏத்திட்டே போலாமே? முடியாது. ஃப்ரிட்ஜுக்கு வெளிய வெச்ச ஐஸ் மாதிரி, அது தினமும் கொஞ்சம் கரையும். லீக்ல இருக்கறதே 14 மேட்ச். பெரிய மேட்ச்சுக்கு முன்னாடி வாரங்கள்ல ஏத்துறதுதான் லாபம்.

எனக்கு உறுத்துறது வேற. டாப் டீம் கூலா ஆடி கடைசி டீம்கிட்ட தோத்தா, அந்த 3 பாயிண்ட்டால கீழ் டிவிஷனுக்கு இறங்குறது சம்பந்தமே இல்லாத இன்னொரு டீம். ரூல்படி தப்பில்லதான். ஆனா நான் கூல் போடுறது, போட்டாலும் ஜெயிப்போம்னு தெரிஞ்ச மேட்ச்ல மட்டும்.