கூப்பன் அரிசியும் கேசரி கார்டும்

(மும்பை மாட்டுங்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



உணவுக் கொள்கை பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களைப் பார்த்து யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் எழுதியதால் யாருடைய தட்டில் ஒரு பிடி சோறு கூடியது? நெல் ஆராய்ச்சிக்காரரிடம் இதைக் கேட்டால் திணற மாட்டார். இலங்கையின் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1952 முதல் இயங்குகிறது. அங்கே உருவான பி.ஜி. ரகங்கள் எத்தனை ஏக்கரில் நடப்பட்டன, ஏக்கருக்கு எத்தனை புசல் கண்டது என்று எண்ணிவிடலாம். ரேஷனை யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்று எழுதுகிறவரின் கட்டுரைக்கு ஏக்கர் கணக்கு கிடையாது. அது அமைச்சரின் மேசைக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே தேர்தல் இருக்கிறது, டாலர் தட்டுப்பாடு இருக்கிறது, கடன் கொடுத்தவரின் கடிதம் இருக்கிறது. கடைசியில் ஓர் அரசாணை வெளிவருகிறது. அதில் எந்த வரி யாருடையது?

தீவு நாடுகளில் இதை ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். பற்றாக்குறையாகும் அரிசியும் கோதுமை மாவும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். துறைமுகத்தில் எவ்வளவு இறங்கியது என்று ஏடு இருக்கும். மக்கள்தொகை சிறியது. விலை மாறினால் அதன் விளைவு சீக்கிரமே குழந்தைகளின் எடையிலும் மரணப் பதிவேட்டிலும் தெரிந்துவிடும். அதனால்தான் பொருளியலாளர்கள் இலங்கையைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். நமக்கும் அந்தத் தீவு அந்நியமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு கூட்டம் தோல் பதனிடத் தாராவிக்கு வந்தது; இன்னொரு கூட்டம் தேயிலைக்காகக் கடல் தாண்டியது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரும் ஒருகாலத்தில் ஏழு தீவுகள்தானே!

இலங்கையில் ரேஷன் 1942இல், போர்க்காலத்தில் வந்தது. பம்பாய்க்கு அதற்கு அடுத்த ஆண்டு. போர் முடிந்த பிறகும் இரண்டு இடத்திலும் அது போகவில்லை. 1953இல் கொழும்பு அரசு, கூப்பன் அரிசி எனப்பட்ட ரேஷன் அரிசியின் விலையைக் கொத்து என்ற அளவைக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. அந்த யோசனைக்குப் பின்னால் உலக வங்கி இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஆலோசனை அறிக்கையின் தாக்கத்தை அளக்க வேண்டுமென்றால் இதையும் தாக்கம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் இந்த வகைத் தாக்கத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பதை நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு பெரிய வழக்கு நடந்தது. வழக்கு என்று சொல்வது பொருந்தும். இரு தரப்பிலும் வாதிகள் அவ்வளவு பலசாலிகள். ஏழை நாடாக இருந்தும் இலங்கையர் நீண்ட ஆயுள் வாழ்கிறார்களே, அதற்கு உணவு மானியமும் பொதுச்செலவும்தான் காரணம் என்று 1980ஐ ஒட்டிப் பொருளியலாளர்கள் பால் ஐசன்மனும் அமர்த்தியா சென்னும் எழுதினார்கள். சுர்ஜித் பல்லா மறுத்தார். இலங்கை 1960லேயே நல்ல நிலையில் இருந்தது, அதற்குப் பின் கொட்டிய பணத்தால் பெரிதாக எதுவும் கூடவில்லை என்பது அவர் கட்சி. சுதிர் ஆனந்தும் ரவி கன்பூரும் பல பத்தாண்டுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். இறப்பைக் குறைத்ததில் சுகாதாரச் செலவின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. உணவு மானியத்தின் பங்கு அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1946இல் ஆயிரத்துக்கு 20 என்றிருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 14ஆக இறங்கியது. அது மலேரியாவை விரட்டிய டி.டி.டி. தெளிப்பை ஒட்டி வந்த இறக்கம். 1945இலிருந்து இலவசக் கல்வியும் இருந்தது. இத்தனையும் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக நுழைந்தபோது, பிழைத்த குழந்தையைக் கொத்து அரிசியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆனாலும் சாகாமல் இருப்பது வேறு, பசிக்காமல் இருப்பது வேறு. மரணப் பதிவேடு இரண்டாவதைச் சொல்லாது.

இரண்டாவதைச் சொன்ன ஆய்வுக்கு வருகிறேன். இன்றைய உரையின் கனம் இங்கேதான் இருக்கிறது.

1978 தொடக்கத்தில், மாதம் 300 ரூபாய்க்குக் கீழே வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் ரேஷன் என்று இலங்கை அரசு வரையறுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அரிசியையே எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தது. முத்திரையைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். அதில் அச்சடித்திருந்தது எடை இல்லை, ரூபாய். இதில்தான் சூட்சுமம். கொத்து அரிசி என்றைக்கும் கொத்து அரிசி. பதினைந்து ரூபாய் முத்திரைக்கு அந்த உறுதி கிடையாது. சில ஆண்டுகளிலேயே விலைவாசி அதன் மதிப்பில் பாதியைத் தின்றுவிட்டது. 1980 மார்ச்சுக்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவும் இல்லை; அதற்குப் பின் பிறந்த குழந்தைக்கு அரசின் ஏட்டில் வயிறே கிடையாது. கருவூலக் கணக்கில் பார்த்தால் திட்டம் அபார வெற்றி. தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த உணவு மானியம் 1980களின் நடுவில் ஒன்றரைக்கும் கீழே வந்தது.

வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக நெவில் எதிரிசிங்க இதை ஆராய்ந்தார். இலங்கை மத்திய வங்கி 1978-79இலும் 1981-82இலும் எடுத்த நுகர்வோர் நிதி அளவாய்வுகளை அருகருகே வைத்தார். அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர் உண்ட கலோரி குறைந்திருந்தது. முத்திரை தேவையில்லாத பலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்டவர்களில் கணிசமானோர் வெளியே நின்றார்கள். மலையகத் தோட்டங்களில் இது இன்னும் கொடுமை. கடைக்காரரும் விவசாயியும் வருமானத்தைத் தாமே சொல்லிக்கொள்ளலாம், குறைத்தும் சொல்லலாம். கொழுந்து பறிக்கிற பெண்ணின் சம்பளம் செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். குறைத்துச் சொல்ல வழியே இல்லை. இருந்தும் அந்தத் தோட்டங்களின் லயன் குடியிருப்புகளில்தான் குழந்தைகளின் ஊட்டக்குறைவு நாட்டிலேயே அதிகம்.

எதிரிசிங்கவின் அறிக்கை அச்சாகி வந்தது 1987இல். திட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து! மிகச் செம்மையான ஆய்வு. இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மேற்கோளின் எண்ணிக்கையை வைத்து அதன் மதிப்பைச் சொல்வதானால் முதல் வரிசையில் உட்காரும். முத்திரை செல்லாக்காசாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அது யாருக்கும் கைகொடுக்கவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு தீவான ஜமைக்கா 1984இல் உணவு முத்திரையைத் தொடங்கியது. அங்கே கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் சுகாதார நிலையங்கள் வழியாகச் சேர்த்ததால், தகுதியானவர்களைப் பிடிப்பதில் இலங்கையைவிடத் தேறியது. 1988இலிருந்து வாழ்நிலை அளவாய்வு ஒன்றையும் தொடர்ந்து எடுத்தார்கள். தவறு எங்கே என்று தெரிந்துகொள்ள எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இலங்கை தந்த பாடம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததா? 1997 ஜூனில், எல்லாருக்கும் ரேஷன் என்பதை விட்டுவிட்டு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று நாடு முழுவதும் பிரித்தார்கள். தமிழ்நாடு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பிரித்ததன் பலனைப் பார்க்க நாம் இங்கிருந்து பேருந்து ஏறக்கூட வேண்டாம், தாராவிக்கு நடந்தே போகலாம். கோரேகாவில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மதுரா சுவாமிநாதன் ஓர் எண்ணை எழுதினார். சுமார் ஐந்து லட்சம் பேர் வாழ்ந்த தாராவியில் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று கார்டு பெற்ற குடும்பங்கள் 151. நூற்றைம்பத்தொன்று!

1999இல் மகாராஷ்டிரம் மூவண்ணக் கார்டு கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 15,000 ரூபாய்க்குள் என்றால் மஞ்சள், ஒரு லட்சம் வரை கேசரி என்ற காவி, அதற்கு மேல் வெள்ளை. மஞ்சளுக்கு எல்லை மாதத்துக்கு 1,250 ரூபாய். விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர்கூட அதைத் தாண்டிவிடுவார். அதில் வாடகையும் மருந்தும் போக என்ன மிஞ்சும் என்பதைக் கார்டின் நிறம் கேட்காது. கையில் கேசரி கார்டு இருக்கிறது, கடையில் அதற்கு அரிசி இல்லை என்று சொன்ன எத்தனையோ அம்மாக்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.

அந்த 151 என்ற எண்ணுக்கு என்ன தாக்கம்? அதே சுவாமிநாதன்தான் 2004இல், உணவு முத்திரை இந்தியாவுக்கும் வரலாம் என்ற பேச்சு எழுந்தபோது இலங்கையையும் ஜமைக்காவையும் எடுத்துக்காட்டி எச்சரித்தார். அதற்கு முன்பே, 2002இல், அபிஜித் சென் தலைமையிலான குழு எல்லாருக்கும் ரேஷன் என்ற முறைக்குத் திரும்பச் சொன்னது. அரசு கேட்கவில்லை. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நகர மக்களில் பாதிப் பேரையும் கிராம மக்களில் முக்கால்வாசிப் பேரையும் உள்ளே கொண்டுவந்து, ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று எடையில் உறுதி தந்தது. ரூபாயில் தரவில்லை. அந்த ஒரு தேர்வில் இலங்கை அனுபவத்தின் நிழலைப் பார்க்கிறேன், நிரூபிக்க முடியாது.

நிரூபிக்க முடியாததை எப்படி அளப்பது? வியட்நாமின் அரிசி ஏற்றுமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததில் ஆய்வின் பங்கை மதிப்பிட்ட ஜேம்ஸ் ரயான் ஒரு நடைமுறை வழியைக் காட்டினார். ஆய்வு இல்லாமலும் அந்த முடிவு ஒருநாள் வந்திருக்கும் என்று வைத்துக்கொள். ஆய்வு அதை எத்தனை காலம் முன்னே கொண்டுவந்தது, அந்தக் காலத்தின் பயன் எவ்வளவு என்று கணக்குப் போடு. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. ஆய்வாளரின் பெருமையை அது அளவோடு வைக்கிறது. இதையே புரட்டிப்போட்டால் தாமதத்துக்கும் கணக்குப் போடலாம். 2002இல் சொன்னது 2013இல் அரைகுறையாக நடந்தது என்றால், இடைப்பட்ட பதினோரு ஆண்டில் தாராவியின் ஒரு வீடு வெளிச்சந்தையில் அரிசிக்குக் கூடுதலாகக் கொடுத்தது எவ்வளவு? செம்பூரை அடுத்த தேவ்னாரில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தேசியக் குடும்பநல அளவாய்வை 1992-93 முதல் நடத்துவது அவர்கள்தான். பக்கத்திலேயே டாட்டா சமூக அறிவியல் கழகம். இதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. வீடுகளின் பழைய ரேஷன் கார்டுகளையும் மளிகைக்கடைப் பற்றுச் சீட்டுகளையும் வைத்து இந்த அறக்கட்டளையே ஓர் இளைஞருக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுத்துச் செய்யச் சொல்லலாம் என்று குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்கப்படாத ஆய்வின் விலையை இலங்கையே மறுபடி காட்டியது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்தார்கள். பல்கலைக்கழக வேளாண் அறிஞர்கள் விளைச்சல் விழும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நவம்பரில் தடை விலகியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது.

நெருக்கடிக்குப் பின், 2023இல் அங்கே அஸ்வெசும என்ற புதிய உதவித் திட்டம் வந்தது. மறுபடியும் பட்டியல், மறுபடியும் கோடு. பெயர் விடுபட்டது என்று லட்சக்கணக்கில் மேல்முறையீடுகள் குவிந்தன. 1979இல் வெளியே நின்றவர்கள் எழுத்தில் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க எதிரிசிங்கவுக்கு மத்திய வங்கியின் அளவாய்வு தேவைப்பட்டது. இப்போது ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஊர், தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கிறது. மலையகத்தின் நுவரெலியாவிலும் பதுளையிலும் நிராகரிக்கப்பட்ட மனுக்களை இந்த ஆண்டே ஒருவர் உட்கார்ந்து படித்தால், செக்ரோல் சம்பளம் இந்த முறையும் குறுக்கே நின்றதா என்பது தெரிந்துவிடும்.