தாள் இல்லாத பிள்ளை



போன வாரம் நம் இரவு வகுப்பில் ஓர் அக்கா எழுதாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "நான் படிக்கிறது இருக்கட்டும் தம்பி. என் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

பையனுக்கு ஒன்பது வயது. திருநெல்வேலிப் பக்கம் ஊர். அப்பாவுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. அங்கே வாடகை கட்டுபடியாகவில்லை. உல்லாஸ்நகருக்கு வந்துவிட்டார்கள். பையன் ஊரில் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பிறப்புச் சான்று இல்லை. மாற்றுச் சான்றிதழும் வாங்கி வரவில்லை. ஒரு பள்ளியில், "தாள் கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மூன்று முறை நடந்தார். மூன்று நாள் கூலி போயிற்று.

தாள் இல்லை என்றால் பிள்ளைக்குப் படிப்பு இல்லையா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை அரசுப் பள்ளியிலும் நகராட்சிப் பள்ளியிலும் கட்டணம் இல்லை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. இது 14-ஆம் பிரிவு. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க வேண்டும். இது 5-ஆம் பிரிவு.

வயதை எப்படிக் காட்டுவது? ஆஸ்பத்திரிப் பதிவு காட்டலாம். அங்கன்வாடிப் பதிவு காட்டலாம். இரண்டும் இல்லையென்றால், பெற்றோரே வயதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அக்கா போன மாதம்தான் தன் பெயரை எழுதப் பழகினார். அந்தத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறார்!

ஒன்பது வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைக்கவும் வேண்டியதில்லை. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இதுவும் சட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி. முதல் சில மாதம் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பான். மக்கு என்று நினைத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடாதீர்கள். தெருவில் விளையாடும்போது அவன் மராத்தியில் சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். நன்றாகவே போடுகிறான்.

நாளைக் காலை 10 மணிக்கு அக்காவும் நானும் அதே பள்ளிக்குப் போகிறோம். மராத்தி நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் உதவியாக இருக்கும். யார் வருகிறீர்கள்?