மகனின் கட்டுரையோடு போன தந்தை

தகப்பனார் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய பிள்ளைகள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அப்பாவைப் புகழ வேண்டாம், ஒரு பிள்ளை தகப்பனுக்கு எதற்காக நன்றி சொல்கிறது என்று பேசுங்கள் என்றார்கள். பேசுகிற இடம் சிறுசேரி. வெளியூர்க்காரர் கண்ணில் படுவது சிப்காட் கட்டடங்கள்தாம் என்றாலும், சி. எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம் 2005 முதல் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கணித உலகத்துத் தகப்பன் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன்.

இதே பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே போனால் தரமணி. அங்கே இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை மூத்தவர்கள் 'மேட்சயன்ஸ்' என்பார்கள். 1962 ஜனவரி 3 அன்று அதைத் தொடங்கியவர் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் மகன். சட்டத்துக்குப் பேர்போன வீட்டில் பிறந்து இயற்பியலுக்குப் போனவர். மயிலாப்பூரில் ஏகாம்ர நிவாஸ் என்ற அந்த வீட்டிலேயே இளைஞர்களைக் கூட்டிக் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்த மாணவர்களை வியந்து பாராட்டினார்.

ராமகிருஷ்ணனின் மகன் பெயர், தாத்தாவின் பெயரேதான்: கிருஷ்ணசாமி. அவரை எண்கள் பிடித்துக்கொண்டன. விவேகானந்தா கல்லூரியில் படிக்கும்போதே ஓர் எண்ணின் பகாக் காரணிகளையெல்லாம் கூட்டினால் என்ன வரும் என்று ஆராயத் தொடங்கினார். 12 என்றால் 2, 2, 3, கூட்டினால் 7. பார்வைக்குச் சிறுபிள்ளைக் கணக்கு. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்தக் கூட்டுத்தொகை சராசரியாக எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால்தான் கஷ்டம் தெரியும். 1974-ல் இதைப் பற்றி ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷுக்கு எழுதினார். கல்கத்தாவுக்கு வருகிறேன், அங்கே வந்து பார்க்க முடியுமா என்று பதில் வந்தது. பையனுக்குப் பரீட்சை.

அப்பா போனார். ஒரு நிறுவனத்தின் இயக்குநர், ஐம்பதைத் தாண்டியவர், இளங்கலை படிக்கும் மகனின் ஆய்வை எடுத்துக்கொண்டு போய் மேடையில் நின்று விளக்கினார். அது அவர் துறையும் அல்ல. பேச்சு முடிந்ததும் ஏர்டிஷ் அவரிடம் வந்து, எனக்கு அப்பா வேண்டாம், பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும் என்ற பொருளில் சொன்னாராம். ஆஸ்திரேலியா போகவிருந்த பயணத்தைச் சென்னை வழியாக மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அவரை வரவேற்கப் போயிருந்தார் கிருஷ்ணசாமி.

அப்பா இயக்குநர் என்றால் எல்லாம் நடக்கும் என்று நீங்கள் முணுமுணுக்கலாம். நியாயம்தான், இங்கே பக்கத்தில் படூரிலோ தாழம்பூரிலோ உள்ள ஒரு பிள்ளைக்கு அந்தக் கதவுகள் அவ்வளவு சுலபமாகத் திறக்காது. ஆனால் செல்வாக்குள்ள தகப்பன்மார் வழக்கமாகச் செய்வது வேறு. தமக்குத் தெரிந்த துறைக்கே பிள்ளையை இழுத்துக்கொள்வார்கள். ராமகிருஷ்ணன் தமக்கு எட்டாத கேள்வியை அது யாருக்கு எட்டுமோ அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழிகாட்டுதல் என்று நான் சொல்வது இதைத்தான்; புத்திமதி சொல்வது யாராலும் ஆகும்.

ஏர்டிஷும் கிருஷ்ணசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1977-ல் வெளிவந்தது. அந்தக் கூட்டுத்தொகையில் பெரும்பங்கு மிகப் பெரிய பகாக் காரணியுடையதே என்று சராசரிக் கணக்கில் அது காட்டுகிறது. ஏர்டிஷின் பரிந்துரையோடு லாஸ் ஏஞ்சலிஸ் போய், எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸிடம் 1978-ல் முனைவர் பட்டம் பெற்றார் கிருஷ்ணசாமி. பின்னாளில் ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 'ராமானுஜன் ஜர்னல்' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். 2005 முதல் கும்பகோணத்தில் வழங்கப்படும் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசின் பின்னணியிலும் அவர் இருக்கிறார். அந்தப் பரிசுக்கு வயது வரம்பு 32.

ராமகிருஷ்ணன் 2008-ல் ஃப்ளோரிடாவில் காலமானார். நம் ஊரில் நினைவு மலர் என்றால் முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், அப்புறம் இரங்கற்பா, அப்புறம் உறவினர் பட்டியல். மகன் வேறு இருவரோடு சேர்ந்து தொகுத்து 2010-ல் வெளிவந்த நூலிலும் தந்தையைப் பற்றிய நினைவுரைகள் உண்டு. ஆனால் நூலைக் கனமாக்குவது எண் கோட்பாடும் நிகழ்தகவும் கோட்பாட்டு இயற்பியலும்: பலர் எழுதிய புதிய ஆய்வுக் கட்டுரைகள். தொகுத்தவர்களில் ஒருவர் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ்.